மிரட்டல் பிரிவையும் தூண்டுதல் பிரிவையும் சேர்த்துப் போட வைப்பது எப்படி? சேலம் வக்கீல்கள் உதவவும்

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த என் சித்தி மகன் போன மாதம் தற்கொலை செய்துகொண்டான். கொலுசைப் பத்த வைத்து ஒட்டும்போதுகூட போனைக் கவிழ்த்தே வைப்பான். அது அதிர்ந்தால் அவன் கை நின்றுவிடும். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மாதக்கணக்கில் பணம் கறந்திருக்கிறான். கடைசி மெசேஜ் முந்தின இரவு 11 மணிக்கு: “நாளைக்கு உங்கம்மாவுக்கு அனுப்பறேன்.”

ஸ்டேஷனில் சந்தேக மரணம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டம் (BNSS) 194-இல் மட்டும் பதிந்திருக்கிறார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 306, தற்கொலைக்குத் தூண்டியவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. மிரட்டிப் பணம் பறிப்பதற்கு அதே புதிய சட்டத்தின் 308-இல் 7 ஆண்டு வரை. ஆனால் வெறும் தொல்லை போதாது, தூண்டும் எண்ணமும் சாவுக்கு நெருக்கமான செயலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறதாம். 2025 ஜனவரியில் ஒரு கடன் வசூல் வழக்கில் 306-ஐ எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போடக்கூடாது என்றும் சொன்னது. கடன் கேட்பதும் இதுவும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் கடைசி மெசேஜ் 108-க்குப் போதுமா? போன் போலீஸிடம் இருக்கிறது, எங்களிடம் ஸ்கிரீன்ஷாட்தான். அதை மின்னணு ஆதாரமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் யார் தர வேண்டும்? அப்புறம், அஸ்தம்பட்டி கோர்ட்டில் இப்படி வழக்கு நடத்திய வக்கீல் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சித்திக்கு அந்தப் படம் பற்றி இன்னும் தெரியாது, அதனால் வீட்டுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம்.