ஒரே கோப்பாக இருக்கும் ஆல்பத்தைப் பாட்டு பாட்டாகப் பிரிப்பது எப்படி?

ஒலிப்பிரியன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. ஒன்று ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக் கோப்பு வகை), 72 நிமிடமும் ஒரே கோப்பு, கூடவே சின்னதாக ஒரு கியூ கோப்பு. இன்னொன்று மேடையில் பதிவான லைவ் ஆல்பம், 320 கேபிபிஎஸ் எம்பி3, அதுவும் ஒரே நீளக் கோப்பு, கியூ கிடையாது. இரண்டையும் தனித்தனிப் பாட்டாக்கி போனில் போட வேண்டும். மௌனம் வரும் இடம் பார்த்துத் தானாக வெட்டும் ஒரு மென்பொருளில் லைவ் ஆல்பத்தைப் போட்டேன். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து புல்லாங்குழல் மட்டும் மெல்ல வரும் இடத்தில் வெட்டிவிட்டது, ஆனால் கைதட்டலோடு அடுத்த பாட்டு தொடங்கும் இடத்தை விட்டுவிட்டது. தரம் குறையக் கூடாது, பாட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் விழக் கூடாது. என்ன செய்யலாம்?

தம்புரா:

முதலில் ஃபிளாக்கைப் பார்த்துவிடலாம், அது சுலபம். கியூ கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் பெயரும் அது தொடங்கும் நேரமும் வரிசையாக இருக்கும். விண்டோஸ் என்றால் ஃபூபார்2000-இல் அந்தக் கியூவைத் திறந்தாலே பாட்டுகள் தனித்தனியாகத் தெரியும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக், கன்வெர்ட், ஃபிளாக் என்று கொடுத்தால் முடிந்தது. கியூடூல்ஸ் என்ற மென்பொருளும் இதைச் செய்யும். லினக்ஸில் எஸ்எச்என்டூல். ஃபிளாக்கை எத்தனை முறை அவிழ்த்து மறுபடி சுருக்கினாலும் ஒரு பிட்கூட மாறாது, அதனால் தரம் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். கியூவில் நேரம் நிமிடம், நொடி, அப்புறம் ஃபிரேம் என்று மூன்று பகுதியாக இருக்கும். அந்த மூன்றாவது எண்ணைப் பலர் நொடியில் நூறில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கியூவில் இருப்பது சிடிக் கணக்கு, அதில் ஒரு நொடிக்கு 75 ஃபிரேம், அதனால் அந்த எண் 00-இலிருந்து 74 வரைதான் போகும். 04:31:50 என்றால் நான்கரை நிமிடம் தாண்டி 1.67 நொடி. நேரத்தை நீங்களே திருத்தும்போது அரை நொடிக்கு 50 என்று போட்டால் வெட்டு தள்ளிப் போய்விடும், 37 என்று போட வேண்டும்.

கட்டைவிரல்:

லைவ் ஆல்பத்துக்குத் தானாக வெட்டும் எதையும் நம்பாதீர்கள். ஒலி அளவு இவ்வளவுக்குக் கீழே இத்தனை நொடி இருந்தால் மௌனம் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கணக்கு. மேடைப் பதிவில் பாட்டு முடிந்த இடம்தான் பெரும்பாலும் சத்தமான இடம், பாட்டுக்குள்தான் அமைதி இருக்கும். கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்ததிலும் இதே தொல்லைதான், பின்னணி இரைச்சல் இருப்பதால் உண்மையான மௌனம் எங்குமே இருக்காது.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, அலைவடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு (எந்த நேரத்தில் எந்தச் சுருதி ஒலிக்கிறது என்று காட்டும் படம்) மாறுங்கள். பாட்டு ஓடும் இடத்தில் சுரங்கள் கோடு கோடாகத் தெரியும், கைதட்டல் மேலிருந்து கீழ்வரை மூடுபனி போல ஒரே படலமாக இருக்கும். கண்ணாலேயே எல்லையைப் பிடித்துவிடலாம், அப்புறம் அந்த இடத்தைக் காதால் கேட்டுச் சரிபாருங்கள். எல்லையில் கிளிக் செய்து கண்ட்ரோல் பி அழுத்தினால் லேபிள் விழும், பாட்டின் பெயரை அங்கேயே எழுதிவிடுங்கள். முதல் பாட்டுக்கும் சுழியத்தில் ஒரு லேபிள் வேண்டும். கைதட்டலை எந்தப் பாட்டோடு சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். முடிந்த பாட்டோடு வைப்பதுதான் என் வழக்கம், அப்போதுதான் எந்தப் பாட்டைத் தனியாகப் போட்டாலும் பாட்டிலிருந்தே தொடங்கும்.

கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது பல கோப்புகளாக, லேபிள்படி என்று தேர்ந்தெடுங்கள், லேபிளில் எழுதியதே கோப்பின் பெயராக வரும்.

நடுநிசி:

கட்டைவிரல் சொன்னதில் லேபிள் போடுவது வரை முழுக்கச் சரி. ஆனால் எம்பி3-ஐ ஆடாசிட்டியில் திறந்து மறுபடி எம்பி3 ஆகவே எக்ஸ்போர்ட் செய்தால் இரண்டாவது முறை சுருக்கப்படுகிறது, தரம் குறையத்தான் செய்யும். கேட்பவர் தரம் குறையக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆடாசிட்டியை நேரம் கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லேபிள்களை எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கலாம், தொடங்கும் நேரம் நொடிக் கணக்கில் இருக்கும். அந்த நேரங்களை வைத்து ஒரு கியூ எழுதி, எம்பி3டைரக்ட்கட் அல்லது எம்பி3ஸ்பிளிட் கொண்டு வெட்டுங்கள். இவை ஒலியை அவிழ்க்காமல், எம்பி3-இன் ஃபிரேம் என்ற சிறு துண்டுகளை அப்படியே பிரிக்கும் (கியூவில் வரும் ஃபிரேம் வேறு, இது வேறு). எம்பி3-இன் ஒரு ஃபிரேம் 1152 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்), அதாவது சுமார் 26 மில்லி நொடி, வெட்டு அந்த அளவுக்குத்தான் துல்லியமாக விழும். பாட்டு பிரிக்க அது தாராளம்.

ஃபிளாக்கை ஆடாசிட்டி வழியாகப் பிரிப்பவர்களுக்கும் ஒன்று. 16 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அது இயல்பாகவே டிதர் என்று மிக மெல்லிய இரைச்சலைச் சேர்க்கும். அமைப்புகளில் அதை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

ஒலிப்பிரியன்:

மிக்க நன்றி. ஃபிளாக் சுத்தமாகப் பிரிந்துவிட்டது. லைவ் ஆல்பத்தை எம்பி3டைரக்ட்கட்டில் வெட்டினேன், நேரமெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு நேராக அடுத்ததற்குள் போகும் ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு விக்கல் கேட்கிறது. இது ஏன்?

நடுநிசி:

எம்பி3-இல் ஒரு ஃபிரேமுக்கு வேண்டிய தரவு முழுக்க அந்த ஃபிரேமுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய ஃபிரேம்களில் மிச்சம் இருக்கும் இடத்தையும் பயன்படுத்திக்கொள்ளும். அந்த இடத்தில் வெட்டினால் புதுக் கோப்பின் முதல் ஃபிரேமுக்கு வேண்டிய தரவு பழைய கோப்பிலேயே தங்கிவிடுகிறது, ஒரு நொடிப் பொழுதுகூட இல்லாத அந்தத் துணுக்கு ஒலிக்காமல் போகிறது. கைதட்டலில் நடந்தால் யாருக்கும் தெரியாது, இசை ஓடும்போது நடந்தால் காதில் குத்தும். வெட்டை அரை நொடி நகர்த்தி, இசை கொஞ்சம் தணியும் இடமாகப் பாருங்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் அந்த இரண்டு பாட்டையும் ஒரே கோப்பாக விட்டுவிடுங்கள், நான் அப்படித்தான் செய்வேன். மறுபடி சுருக்கி ஒட்டப் பார்த்தால், எம்பி3 ஆகச் சுருக்கும் என்கோடர் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும். லேம் என்ற என்கோடர் அந்த அளவைக் கோப்புக்குள் குறித்து வைக்கும், ஆனால் அதைப் படிக்கத் தெரியாத பிளேயரில் இடைவெளி விழத்தான் செய்யும்.

தம்புரா:

இன்னும் இரண்டு. கோப்பின் பெயரில் எண்ணை 01, 02 என்று போடுங்கள், வெறும் 1 என்று போட்டால் சில பிளேயர்கள் 1-க்கு அடுத்து 10-ஐ எடுக்கும். பாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுதுவதாக இருந்தால் கியூவை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வரும். டேக் (கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டுப் பெயர் போன்ற விவரங்கள்) திருத்த எம்பி3டேக் போதும். பெரிய மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.