புதுப்பிப்பு: எக்ஸ் அச்சு உதறியதற்குக் காரணம் டிரைவர் இல்லை

மண்டபம் ஊரில் இருக்கும் சிறிய சிஎன்சி மில்லிங் மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி பொருளைச் செதுக்கும் மெஷின்) எக்ஸ் அச்சு நகராமல் நின்ற இடத்திலேயே கர்ரென்று உதறுகிறது, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர் போர்டு போயிருக்கும் என்று முதலில் எழுதியிருந்தேன். அது தப்பு.

பவரை அணைத்துவிட்டு எக்ஸ், ஒய் டிரைவர்களை மாற்றிப் போட்டதில் கோளாறு எக்ஸிலேயே நின்றது. எக்ஸ், ஒய் மோட்டார் கேபிள்களை இடம் மாற்றிச் செருகியதும் கோளாறு ஒய்க்குப் போனது. (பவர் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் செத்துவிடும்.)

எக்ஸ் மோட்டாருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் (காயில்) உண்டு. மல்டிமீட்டரில் ஒரு சுருள் 2.4 ஓம். இன்னொன்றிலும் அதேதான், ஆனால் வயரை அசைத்தால் ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்துவிடுகிறது. ஒரு சுருளில் இணைப்பு விட்டு விட்டு வந்தால் ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) சுற்றாது, உதறத்தான் செய்யும். கனெக்டரைப் பிரித்தால் கிரிம்பில் (வயர் நுனியை நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை) பச்சைக் களிம்பு. உப்புக்காற்று இன்சுலேஷனுக்குள்ளும் ஏறியிருந்தது. செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை 3 செ.மீ. வெட்ட வேண்டியிருந்தது. புது கிரிம்ப், மேலே சிலிகான் கிரீஸ். கடலோரத்தில் கிரீஸ் இல்லாத கனெக்டரை நம்பவே கூடாது.

அதன்பிறகும் வேகமாக ஓட்டினால் ஸ்டெப் தவறியது. டிரைவரில் மோட்டார் கரண்டின் உச்ச அளவைத் தீர்மானிக்கும் வோல்டேஜ், வி-ரெஃப், 0.4 வோல்ட்தான் இருந்தது. போர்டில் ஆர்100 (0.1 ஓம்) ரெசிஸ்டர் என்பதால் கரண்டைக் கணக்கிட வி-ரெஃபை 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 0.5 ஆம்பியர். 1.5 ஆம்பியர் மோட்டாருக்கு இது போதாது. 0.8 வோல்ட்டுக்கு ஏற்றி 1 ஆம்பியர் ஆக்கி, ஹீட்சிங்க்கும் ஃபேனும் வைத்தாயிற்று.

100 மி.மீ. போய்வரும் ஓட்டம் 20 முறை. நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜின் முள் தொடங்கிய இடத்துக்கே வந்தது.