சரிவு நிலத்தில் உறைகிணறு: இடம் பார்க்க உதவுங்கள்

வணக்கம். கொல்லிமலை அடிவாரத்தில் 2 ஏக்கர். மேற்கு மேட்டிலிருந்து கிழக்கே ஓடை வரை 20 அடி இறக்கம். மேலே 3 அடி செம்மண், அடியில் சரளை, பிறகு கடப்பாறைக்கு உதிரும் பாறை. 4 அடி விட்டமுள்ள உறைகளை (கிணற்று வளையங்களை) இறக்கி, 25 அடிக்குள் குடிநீர் எடுக்க வேண்டும்.

ஓடையோரம் தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஐப்பசி வெள்ளம் உள்ளே புகும், மேட்டுத் தொழுவத்துக் கழிவும் அங்கேதான் வடியும். உச்சியில் தோண்டினால் பங்குனியிலேயே வறண்டுவிடும். நடுச்சரிவில் இறக்கம் தணியும் இடத்தில் சித்திரையிலும் கோரை பச்சையாக நிற்கிறது. பிடுங்கினால் வேரோடு ஈரமண் வருகிறது. என் மனம் அங்கேதான் நிற்கிறது. கழிப்பறைக் குழி 60 அடி தள்ளி, தாழ்வில்தான் இருக்கிறது.

அந்த ஈரம் நிலைத்த ஊற்றா, களிமண் அடுக்கு தேக்கிய மழைநீரா, எப்படிப் பிரித்தறிவது? வைகாசியில் சோதனைக் குழி வெட்டி, முழுக்க இறைத்துவிட்டு, ஒரு மணி நேர ஊறலை அளந்தால் போதுமா? (4 அடி உறையில் 1 அடி ஏறினால் சுமார் 350 லிட்டர்.) மேல் 10 அடிக்கு உறை இணைப்புகளைச் சிமெண்ட் பூசி அடைக்கப் போகிறேன். அதற்குக் கீழே துளை உறை எத்தனை போடலாம்? சரிவில் உறை இறக்கியவர்கள், ஒருபக்கம் சாயாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.