சிவப்புத் தொப்பிச் சிறுமி: எந்தப் பக்கத்துக்கு எந்தப் பாணி?

கேள்வி
பாட்டியைப் பார்க்கக் காட்டுவழியே போகும் சிறுமி, பாட்டி வேடத்தில் கட்டிலில் படுத்து அவளை ஏமாற்றும் ஓநாய்: இந்த ஐரோப்பியக் கதையைப் புத்தகமாகச் செய்கிறேன். எட்டுப் பக்க விசிறி மடிப்பு, முழுக்கக் காகிதம் வெட்டி ஒட்டியது. பக்கத்துக்கு ஒரு பாணி: கியூபிசம் (ஒன்றையே பல கோணத்தில் துண்டு துண்டாகக் காட்டுவது), பாப் ஆர்ட் (விளம்பரம், காமிக்ஸ் மாதிரி), புள்ளி ஓவியம் என்று. மூன்றாம் பக்கத்திலேயே சிறுமி யார், ஓநாய் யார் என்று தெரியவில்லை. பச்சைக் காட்டில் சிவப்பு கண்ணைக் கூசுகிறது. மடிப்பில் ஒட்டிய துண்டுகள் பெயர்கின்றன. எங்கே தப்பு?

பதில் 1
எல்லாமே மாறினால் பார்க்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு வருவார்? சுவிஸ் ஓவியர் வார்ஜா லாவாட்டர் 1965-இல் இதே கதையை மடிப்புப் புத்தகமாகவே செய்தார். சிறுமி சிவப்புப் புள்ளி, ஓநாய் கறுப்புப் புள்ளி. எது யார் என்று தொடக்கத்தில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நீங்களும் சிறுமியை எட்டுப் பக்கத்திலும் ஒரே சிவப்பில் 12 மி.மீ. வட்டமாக வையுங்கள்.

கியூபிசத்தைக் கட்டில் காட்சிக்கு ஒதுக்குங்கள். "காது ஏன் பாட்டி இவ்வளவு பெருசு?" என்று ஒவ்வொரு கேள்வியும் முகத்தில் ஒரு துண்டைத்தானே பார்க்கிறது! பாட்டி முகத்தை நேராகவும், ஓநாய் முகத்தைப் பக்கவாட்டிலும் ஒரே உயரத்தில் வரையுங்கள். பாட்டியின் நடுக்கோட்டில் ஓநாயின் நெற்றியும் மூக்கும் விழணும். பிக்காசோ 1930களில் வரைந்த பெண் முகங்களில் இந்தக் கோட்டைப் பார்க்கலாம். ஆளுக்கு ஐந்து துண்டாக வெட்டிக் கலந்து ஒட்டுங்கள். அதைத் தாண்டினால் முகம் கரைந்து தோரணமாகிவிடும். பாட்டியின் தூக்கத் தொப்பியை மட்டும் வெட்டாதீர்கள்.

பாப் ஆர்ட்? இந்தக் கதைக்கு வேண்டாம்.

பதில் 2
கூசுவதற்குக் காரணம், சிவப்பும் பச்சையும் ஒரே அடர்த்தியில் இருப்பது. போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பச்சையை இன்னும் இருட்டாக்குங்கள், அல்லது வட்டத்தைச் சுற்றி 2 மி.மீ. வெள்ளை விடுங்கள்.

ஏ2 தாள் 59.4 செ.மீ. நீளம். 14.5 வீதம் நான்கு பக்கம் போக மிச்சம் 1.4, அடுத்த தாளை ஒட்டும் விளிம்பு. காகிதத்தின் இழை (நார்கள் ஓடும் திசை) மடிப்புக் கோட்டோடு போகணும். குறுக்கே போனால் மடிப்பு வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்டால் கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். மடிப்பைத் தாண்டும் துண்டை அங்கேயே வெட்டி 1 மி.மீ. இடைவெளி விட்டால் பெயராது.

கேட்டவர்
நன்றி. கடைசிப் பக்கத்தில் வேடன் வரணுமா?

பதில் 1
பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697 கதையில் வேடனே இல்லை, ஓநாய் தின்றதோடு சரி. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் சொன்னதில்தான் வந்து காப்பாற்றுகிறான். பெரோ என்றால் எட்டாம் பக்கம் முழுக் கறுப்பு, சிவப்பே கூடாது. ஆனால் தாளின் முன்புறம் மட்டும் முழுக்க ஒட்டினால் அது வளையும். பின்னாலும் அதே காகிதத்தை அதே இழைத் திசையில் ஒட்டுங்கள்.