வானிலிருந்து எடுத்த நிலக்காட்சிகளை மெருகேற்றும்போது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மயிலாப்பூரிலிருந்து, இழையைத் தொடங்கியவர்:

அனைவருக்கும் வணக்கம். மேலிருந்து எடுத்த நிலக்காட்சிப் படங்களைக் கணினியில் மெருகேற்றும்போது எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி எனக்கு மென்பொருளின் முன்னால் எழவில்லை. மரக்காணம் உப்பளத்தில், ஒருவர் கையில் என் படத்தைக் கொடுத்த பிறகுதான் எழுந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பின்னர் கேட்கலாம்.

ஒரு பங்குனி மாதத்தில், 250 கிராமுக்கும் குறைவான சிறிய ட்ரோன் ஒன்றை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக அங்கே சென்றேன். அந்தப் பகுதி முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட 400 அடிக்கு மிகவும் கீழேயே பறக்கவிட்டு, கேமராவை நேர்செங்குத்தாகக் கீழ்நோக்கித் திருப்பி ரா கோப்புகளாக (கேமரா மெருகேற்றாமல் பதியும் மூலக்கோப்புகளாக) எடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. உச்சி வெயிலில் எடுத்தவை என்பதால் பாத்திகள் அனைத்தும் பழைய கோணிப்பையின் நிறத்தில் ஒன்றுபோலவே கிடந்தன.

அந்த மந்தத்தைப் போக்க, படத்தை மூன்று தடங்களாக (சேனல்களாக) பிரித்துக் காட்டும் லேப் நிறமுறைக்கு மாறினேன். அதில் வெளிச்சம் ஒரு தடத்திலும், பச்சைக்கும் செங்கருநீலத்துக்கும் இடைப்பட்ட நிறவேறுபாடு இன்னொரு தடத்திலும், நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது மூன்றாவது தடத்திலும் தனித்தனியாக இருப்பதால், நிறத்தடங்களின் வளைகோட்டு முனைகளை உள்ளே இழுத்துக் கோட்டைச் செங்குத்தாக்கினால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த சாயல்கள் பிரிந்து நிற்கும். அப்படியே பிரிந்தன. அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சிவப்பேறியிருந்த சில பாத்திகள் படத்தின் அமைதியைக் கெடுப்பதாகத் தோன்றவே, இரண்டாவது தடத்தைப் பச்சைப்பக்கமும் மூன்றாவது தடத்தை நீலப்பக்கமும் தள்ளி, மயில்கழுத்து நிறத்தில் ஒரு படத்தை உண்டாக்கினேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்த முறை சென்றபோது அதன் அச்சுப்பிரதி ஒன்றை, உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முண்டாசை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தலைகீழாகத் திருப்பி வடக்கு எது என்று தாமே கண்டுபிடித்தார். பிறகு, "சார், இது நம்ம பாத்திதான், வரப்பு தெரியுது. ஆனா தண்ணி இந்த நெறத்துல இருந்தா உப்பு எறங்க இன்னும் எத்தனையோ நாள் கெடக்கே? நீங்க வந்தப்போ நாங்க வாரிக்கிட்டு இருந்தோமே!" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கடல்நீரின் அடர்த்தி பாத்திக்குப் பாத்தி ஏறி, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. அந்த அடர்த்தியிலும் வாழக்கூடிய டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும்தான் தண்ணீருக்கு அந்தச் செம்மையைக் கொடுக்கின்றன. நான் அழகுக்கு இடைஞ்சல் என்று மாற்றிய நிறம், அவர் ஒரு பருவம் முழுவதும் காத்திருக்கும் நிறம். வீடு திரும்பியதும் அதே ரா கோப்பை மறுபடி திறந்து, கோட்டைச் செங்குத்தாக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, நிறத்தைத் தள்ளியதை நீக்கினேன். செம்மை, பழுப்பு, சாம்பல் என்று பாத்திகள் படிப்படியாக நின்றன. இந்தப் படம்தான் எனக்கு நல்ல படமாகவும் தோன்றியது.

நங்கநல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மயிலாப்பூர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ட்ரோன் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் படங்கள் எல்லாமே பயணிகள் விமானத்தின் சன்னல் வழியாக எடுத்தவை. இறக்கைக்கு முன்னால், வெயில் விழாத பக்கத்தில் இருக்கை கிடைத்தால் அன்று யோகம். (தொடக்கத்தில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைப் போட்டு எடுத்து, சன்னலின் அக்ரிலிக் தகட்டிலுள்ள இறுக்கமெல்லாம் வானவில் பட்டைகளாகப் பதிவாகி, ஒரு பயணம் முழுவதும் வீணானது.)

2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைமேட்டில் தீப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்த நாள்களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முழுவதும் தெரியும்படி ஒரு படம் எனக்குக் கிடைத்தது. உயரத்திலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் நீலத்திரை ஒன்று விழுந்திருக்கும். காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால், நீலத் தடம் கலங்கியும் சிவப்புத் தடம் தெளிவாகவும் இருக்கும். எனவே மூடுதிரையை நீக்கும் வசதியான டீஹேஸைச் சற்றே கூட்டி, பிறகு சிவப்புத் தடத்துக்குப் பெரும்பங்கு கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கோரையும் நாணலும் கரும்பட்டுப்போல ஆயின. நீர் வெள்ளிபோல மின்னியது. பின்னணியில் ஒரு குன்று கம்பீரமாக எழுந்து நின்றது. மிகவும் பெருமையாக அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

துரைப்பாக்கத்தில் இருக்கும் என் சித்தி வந்திருந்தபோது அதன்முன் வெகுநேரம் நின்றார். "இது எங்க பக்கந்தானே? எந்த வருஷம் எடுத்தே?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானா பொகை எங்கேடி? பத்து நாளா சன்னலையே தொறக்காம உட்கார்ந்திருந்தோமே!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய புகையும் குறைந்த அலைநீளத்தையே அதிகமாகச் சிதறடிப்பதால், டீஹேஸுக்குக் காற்றுத்திரையும் ஒன்றுதான், குப்பை எரியும் புகையும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கம்பீரமான குன்று என்று நான் வியந்ததோ குப்பைமேடேதான். எதையும் அழிக்கும் எண்ணமில்லாமல், ஒரு கோடு கூட வரையாமல், எரிந்துகொண்டிருந்த இடத்தை எரியாததுபோல் ஆக்கியிருந்தேன். சில மாதங்களிலேயே அந்தச் சதுப்பு நிலம் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டபோது, வாழ்த்துச் செய்தியோடு சேர்த்துப் பலருக்கு நான் அனுப்பி வைத்ததும் அந்தப் படம்தான் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது டீஹேஸைப் படம் முழுவதற்கும் போடுவதில்லை. தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, அது எங்கே எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கில் பெரிய மென்தூரிகையால், புகை உள்ள இடத்தில் டீஹேஸை முற்றிலும் நீக்கியும் மற்ற இடங்களில் தூரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தும் பூசுகிறேன். தொலைவில் உள்ளதைத் தொலைவாகவே விட்டுவிட்டால் படத்தின் ஆழமும் கெடுவதில்லை.

கொளத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மன்னிக்கவும், இடையில் ஒரு சிறு கேள்வி. மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் இவற்றையெல்லாம் செய்ய முடியுமா?

மயிலாப்பூரிலிருந்து:

தாராளமாக முடியும், தம்பி. டார்க்டேபிள், ரா தெரப்பி, கிம்ப் மூன்றும் இலவசம். முதல் இரண்டிலும் மூடுதிரை நீக்கும் வசதியும் லேப் வளைகோடுகளும் உள்ளன. பழகுவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து, அச்சுத்தொழில் செய்பவர்:

நான் படம் எடுப்பவன் அல்லன். எடுப்பவர்களின் படங்களை அச்சிட்டுக் கொடுப்பவன். மேலே இருவரும் எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் மேசைக்கு வருகின்றவற்றைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது.

மெரினாவை மேலிருந்து எடுத்த படங்கள் எங்களிடம் அடிக்கடி வருகின்றன. அவற்றில் பத்துக்கு ஏழு படங்களில் மணல் ஆரஞ்சாகவும் கடல் பசுநீலமாகவும் இருக்கின்றன. எல்லோரும் ஒரே பிரிசெட்டைத்தான் (ஆயத்த நிற அமைப்பைத்தான்) வாங்கினார்களோ என்று கூட நினைத்ததுண்டு. ரசனையைப் பற்றி நான் பேசவில்லை, அது அவரவர் உரிமை. ஆனால் ஒரு முறை புதுமனை புகுவிழாவுக்காக ஒருவர் 6 அடி அகலத்தில் அச்சிடக் கேட்டார். கோப்போ 4000-க்கு 3000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் அது ஏறத்தாழ 13 அங்குல அகலத்துக்குத்தான் வரும். எட்டி நின்று பார்ப்பதற்கு 6 அடியும் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன். வினை வேறிடத்தில் இருந்தது: அவர் 8 பிட் ஜேபெக்கில் வானத்தின் நிறத்தை முறுக்கியிருந்ததால், தடத்துக்கு 256 படிகளே உள்ள அந்தக் கோப்பில் வானம் அடுக்கடுக்காகக் கோடு விழுந்து, பெரிதாக்கியதும் வாழைமட்டையை நறுக்கி ஒட்டியதுபோல் தெரிந்தது. ரா கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன், அழித்துவிட்டாராம். லேசாக நொய்ஸ் (மணல்போன்ற புள்ளிகள்) தூவிக் கோடுகளை மறைத்துக் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியாகத்தான் வாங்கிச் சென்றார், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நங்கநல்லூர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: மாஸ்க்கின் விளிம்பைத் திரையில் பார்த்து நிறைவடைந்துவிடாமல் ஒரு சிறு துண்டை அச்சிட்டுப் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் தாளில் கருமை அவ்வளவு ஆழமாக இறங்காது. டீஹேஸ் போட்டு இருட்டாக்கிய இடங்களில் விவரமே இல்லாமல் போய்விடும்.

மயிலாப்பூரிலிருந்து:

மூவருக்கும் நன்றி. உப்பளக் கதையில் நான் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அச்சுக்காரர் எழுதியதைப் படித்ததும் அதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. திருத்திய படத்தை 13 அங்குலத்தில் அச்சிட்டு அந்தப் பெரியவருக்குக் கொடுக்கச் சென்றேன். பாத்தி பாத்தியாக விரல் வைத்துப் பார்த்து, எது எத்தனை டிகிரியில் இருந்திருக்கும் என்று எனக்கு விளக்கினார். பிறகு, வீட்டில் மாட்ட முன்பு கொண்டுவந்த அந்த நீலப் படம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய பேத்திக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். திருத்தியதைத் தாமே வைத்துக்கொள்வதாகவும், அதில் தம் பாத்தி ஓரமாக வெட்டுப்பட்டுவிட்டதால் அடுத்த முறை அதை நடுவில் வைத்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மழை முடிந்து, தண்ணீர் ஏற்றி, மாசி வாக்கில் பாத்திகள் மறுபடி நிறம் பிடிக்கத் தொடங்கும். அப்போது செல்லவிருக்கிறேன், வர விரும்புகிறவர்கள் தெரிவிக்கலாம்.