ஃப்ளைட்ல பிசினஸ் கிளாஸ் சீட்டு வரிசை 1-2-1 னு புக் பண்ணோம், இப்ப 2-3-2 ஆ மாறி நிக்குது, ஏதாச்சும் கேக்க முடியுமா?

சத்துவாச்சாரி_பொண்ணு:
அப்பாவுக்கு சிஎம்சில முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, ரொம்ப நேரம் மடக்கி உக்கார முடியாது. அதனால அண்ணன் ஜெர்மனில இருந்தே அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பிசினஸ் கிளாஸ் போட்டான். சென்னைல ஏறி நடுவுல ஒரு ஊர்ல மாறி ஃபிராங்ஃபர்ட். புக் பண்ணும்போது சீட் மேப்ல 1-2-1 (ஓரத்துல ஒன்னு, நடுவுல ரெண்டு, அந்தப் பக்கம் ஒன்னு), யாரையும் தாண்டாம எழுந்து பாத்ரூம் போலாம்னு நம்பி, நடுவுல ஜோடி சீட்டுக்கு தனியா காசும் கட்டியாச்சு. நேத்து சும்மா ஆப்ல பாத்தா முதல் ஃப்ளைட்டு 2-3-2, அப்பாவுக்கு மூணு சீட்டுல நட்ட நடு சீட்டு, அம்மா ரெண்டு வரிசை பின்னாடி!! ஃப்ளைட் நம்பர் அதே, டைம் அதே. மெயில் கூட வரல. இதுக்கு ரூல் எதுவும் இல்லையா?

காட்பாடி_டிக்கெட்:
இருக்கும்மா, ஆனா உங்க கேசுக்கு வராது. ஏர்லைன் உங்களுக்கு வித்தது பிசினஸ் கிளாஸ், அந்த சீட்டு இல்ல, எந்த சீட்டுக்கும் கேரண்டி கிடையாதுன்னு கண்டிஷன்லயே போட்டிருப்பாங்க. ஒரே கம்பெனிலயே விமானத்துக்கு விமானம் மாறும், எமிரேட்ஸ் எடுத்துக்கோங்க, ஏ380 ல பிசினஸ் 1-2-1, பழைய 777 ல 2-3-2. ஒரு விமானம் ரிப்பேர்னு நின்னுட்டா கைல இருக்கறத அனுப்புவாங்க, கூட்டம் கம்மின்னாலும் மாத்துவாங்க. அப்ப கம்ப்யூட்டரே எல்லாரையும் புது மேப்ல தூக்கி போட்டுடும், அதுக்கு முட்டி வலியெல்லாம் தெரியாது. அப்பா அம்மா தனித்தனி பிஎன்ஆரா (புக்கிங் நம்பரா)? அப்படின்னா பிரிச்சு போட்டது அதனாலதான் இருக்கும். கால் பண்ணி ரெண்டையும் லிங்க் பண்ண சொல்லுங்க, ஆபரேஷன் விஷயத்த சொல்லி வீல்சேரும் போட்டு வைங்க. கையோட நடைபாதை ஓர சீட்டு கேளுங்க, சாட்ல கேக்காதீங்க, போன்ல கேளுங்க.

ஆம்பூர்_லெதர்:
நமக்கு இதவிட மோசம். இத்தாலி மிலன்ல லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு போயிட்டு திரும்பறப்போ சின்ன விமானத்த கொண்டாந்து விட்டுட்டாங்க, பிசினஸ்ல சீட்டு பத்தல. போர்டிங் கேட்டுல இருந்த ஏர்லைன் பொண்ணு போர்டிங் பாஸ்ல பழைய நம்பர பேனாவால அடிச்சிட்டு எகானமி நம்பர எழுதி குடுத்துது, கூடவே ஒரு வவுச்சர் பேப்பர், கையெழுத்து போடுங்க சார்னு. நான் போடல. போட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

பிசினஸ்ல இருந்து எகானமின்னு கிளாஸ் எறக்கினா மட்டும்தான் சட்டம் பேசும். நம்ம டிஜிசிஏ (விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு) 2023 பிப்ரவரில இருந்து கொண்டாந்த ரூல்படி உள்நாட்டுல டிக்கெட் காசுல 75 சதவீதம் திருப்பி தரணும், வெளிநாடுன்னா 1500 கிலோமீட்டர் வரைக்கும் 30, 3500 வரைக்கும் 50, அதுக்கு மேல 75. ஐரோப்பிய யூனியன் நாட்டுல இருந்து கெளம்பினா எந்த நாட்டு ஏர்லைனா இருந்தாலும் இயு261னு அவங்க பயணிகள் சட்டம், அதுலயும் அதே 30, 50, 75 தான். ஆனா ஐரோப்பிய யூனியன் கோர்ட் 2016 ல சொல்லிடுச்சு, எறக்கின ஃப்ளைட்டோட பங்குக்கு மட்டும்தான் கணக்கு, மொத்த டிக்கெட்டுக்கு இல்லன்னு. நான் முழுசுக்கும் கனவு கண்டுட்டு இருந்தேன் ஹிஹி

வாலாஜா_ரோடு:
பிசினஸ் கிளாஸ் கவலை எல்லாம் நமக்கு எதுக்கு, நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட் எப்பப்பா தொறப்பாங்க 😂

விண்டோசீட்:
மேல இருக்கற காமெடிய விடுங்க. புக்கிங்ல எந்த வகை விமானம்னு காட்டற கோட் இருக்கும், அத பாருங்க, 77W னா 777-300ER, 789 னா 787-9, 388 னா ஏ380. கோட் மாறாமயே உள்ள சீட்டு மாறலாம், பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019 ல இருந்து கிளப் சூட்னு புது பிசினஸ் சீட்டு போட ஆரம்பிச்சாங்க, அதே 777 ல பழைய சீட்டும் ஓடிச்சு. அதனால கோட் ஒன்ன மட்டும் நம்பாதீங்க, மேப்பையும் பாருங்க. மார்ச் கடைசி, அக்டோபர் கடைசில ஷெட்யூல் மாறும், அந்த சமயத்துல கண்டிப்பா ஒரு தடவ பாத்துடணும். எக்ஸ்பர்ட்ஃப்ளையர்னு ஒரு வெப்சைட் இருக்கு, அதுல விமானம் மாறினா அலர்ட் வரும். சீட் கட்டணம் தனியா கட்டுனீங்கல்ல, அத விடாதீங்க, பொதுவா திருப்பி தருவாங்க.

சத்துவாச்சாரி_பொண்ணு:
தனித்தனி பிஎன்ஆர் தான், அண்ணன் ஒன்னு மைல்ஸ்ல (பறந்து சேத்த பாயின்ட்ல) போட்டானாம், சொல்லவே இல்ல. போன்ல முக்கா மணி நேரம் பாட்டு கேட்டதுக்கு அப்புறம் அப்பாவுக்கு நடுவுல ஓர சீட்டு, பக்கத்துலயே அம்மா. சீட் காசு பத்தி கேட்டா ஃபார்ம் போடுங்கன்னு சொல்றாங்க, பழைய மேப் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலயே, ரசீது மட்டும் போதுமா?

காட்பாடி_டிக்கெட்:
போதும். ரசீதுல சீட் நம்பர் இருக்கும் பாருங்க. புது மேப்ப இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெண்டையும் சேத்து அனுப்புங்க, நாள் கிட்ட வந்தா திரும்பவும் மாத்துவாங்க.