மறு: மைக்ரோநோவாவுக்குத் தமிழ் என்ன?

> தம்பி, குறுநோவா எண்டே போட்டிட்டுப் போவமே, எல்லாருக்கும் விளங்கும்தானே.

அக்கா, விளங்கும், நான் இல்லையெண்டேல்லை, ஆனா நோவா எண்டதே பிழையா விழுந்த பேர், அதுக்கு முன்னால குறுவைக் கொண்டுபோய் ஒட்ட மனம் வரேல்லை. 1572 இல வானத்தில திடீரெண்டு ஒண்டு பளிச்செண்டு தெரிய, டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே அதைப் புது நட்சத்திரம் எண்டு லத்தீனில எழுதினார், நோவா வந்தது அப்பிடித்தான். பகிடி என்னெண்டா அது புதுசுமில்லை, இப்ப நாங்க சொல்லுற நோவாவுமில்லை, ஒரு கிழட்டு வெண்குறுமீன், அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தின்ட சுருங்கின மிச்சம், முழுசா வெடிச்ச சுப்பர்நோவா.

போன கிழமை குசினியில பாலை வச்சிட்டு உங்கட மெயிலை வாசிச்சுக்கொண்டு நிண்டன், பால் பொங்கி காஸ் அடுப்பு முழுக்க ஊத்துண்டு மனுசியிட்ட நல்லா வாங்கிக் கட்டினன். துடைக்கேக்கதான் யோசிச்சன், பால் போச்சு, சட்டி அப்பிடியே கிடக்கு, நோவாவும் இதுதானே! பக்கத்து நட்சத்திரத்தின்ட ஐதரசன் வெண்குறுமீனுக்கு மேல படிஞ்சு படிஞ்சு, அடியில அழுத்தமும் சூடும் ஏறி, அந்த மேல்படை மட்டும் அணுக்கருச் சேர்க்கையில பத்தி எரியுது, உள்ளுக்க இருக்கிற காபன் ஒட்சிசன் உருண்டை தப்பிடும். பிறகு திரும்பப் படியும், திரும்பப் பொங்கும். டி கொரோனே பொறியாலிஸ் எண்ட நட்சத்திரம் 1866 இலயும் பொங்கினது, 1946 இலயும் பொங்கினது. வெண்குறுமீன்ட திணிவு, வானியற்பியலாளர் சந்திரசேகர் சொன்ன 1.4 சூரியத் திணிவுக்குக் கிட்டப் போனா கதை வேற, சட்டியே சிதறிடும்.

அதால நோவாவைப் பொங்கல், சுப்பர்நோவாவைச் சிதறல் எண்டு பிரிப்பம். உடு எண்டா நட்சத்திரம்தானே, முதல்ல உடுப்பொங்கல் எண்டு வச்சன், மகள் கேட்டிட்டு "உடுப்புக்கும் பொங்கலோ அப்பா" எண்டாள். சரியெண்டு மீன்பொங்கல் எண்டு பார்த்தா வெள்ளவத்தை மார்க்கெட் மணக்குது. கடைசியா விண்பொங்கல், விண்சிதறல் எண்டதில நிக்கிறன்.

இனி உங்கட மைக்ரோநோவா. 2022 இல டெஸ் செய்மதியின்ட தரவில கண்டு பேர் வச்சது. காந்தப்புலம் பலமா இருக்கிற வெண்குறுமீனில ஐதரசன் எல்லா இடமும் பரவாம காந்த முனையில போய்க் குவிஞ்சு அங்க மட்டும் பத்துது எண்டு விளக்கம் சொல்லுகினம், சில மணித்தியாலத்தில அடங்கிடும், பலம் நோவாவின்ட பத்து லட்சத்தில ஒரு பங்கு மட்டில. சின்னன் எண்டதை விட ஒரு மூலையில மட்டும் நடக்குது எண்டதுதான் எனக்குப் பெரிசாப் படுது. குறு எண்டா அளவை மட்டும்தான் சொல்லும், அதோட குறுமீனில குறுநோவா எண்டு ஒரே வசனத்தில ரெண்டு குறு வந்து இடிபடும்.

முனைப்பொங்கல் எப்பிடி? "இந்த வெண்குறுமீனில ஒரே மாதத்தில ரெண்டு முனைப்பொங்கல்" எண்டு ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, நாக்குத் தடக்கினா எழுதுங்கோ, வேற யோசிப்பம்.